சனிக்கிழமைகளில் மூன்றாவது குண்டு

சனிக்கிழமைகளில் மட்டும் மூன்றாவது குண்டு தாழப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை மாலையில் அதே பிஸ்டல், அதே குண்டு, அதே கை. எலுமிச்சம்பழ அளவிலுள்ள ஐந்து கறுப்பு வட்டங்களும் வரிசையாகச் சாயும். சனிக்கிழமை காலையில் முதல் இரண்டும் சாயும். மூன்றாவதில் வட்டத்துக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் டொக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். வட்டம் அசையாது. பிறகு நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றுமே நடக்காதது போலச் சாயும்.

கை நடுங்கினால் எல்லாக் குண்டுகளும் அலைய வேண்டும். குழல் முனையில் குறிபார்க்கும் முள் நகர்ந்திருந்தால் எல்லாமே தாழ வேண்டும். நடுவில் ஒன்று மட்டும், அதுவும் வாரத்தில் ஒரு நாள் மட்டும் தவறுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

"சத்யா, உன் மூணாவது குண்டுக்குச் சனி பிடிச்சிருக்கும்மா" என்றார் சமது பாய். அப்துல் சமது எங்கள் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் பிஸ்டல்கள் இருக்கும் அலமாரியின் சாவிக்காரர். ஓய்வு பெறும் வரை துறைமுகத்தில் எடைபோடும் வேலையில் இருந்தவர்.

"சனி உங்களுக்கு ஏது பாய்?"

"எனக்கு இல்ல. உனக்குச் சொன்னேன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பதாக இல்லை. மாத முடிவில் ஒரு சனிக்கிழமை கிளப் அணிக்குத் தேர்வு வைத்திருந்தார்கள். அணிக்குள் வருகிறவர்களுக்கு மட்டும்தான் சொந்த பிஸ்டலை கிளப்பில் வைத்துக்கொள்ள இனி அனுமதி. மற்றவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும். ராணுவ ஆட்சியில் நகரம் இப்போது இருக்கிற இருப்பில் அதைப் பற்றி யாரும் வாதாடவில்லை. ஐந்துக்கு ஐந்து சாய்க்காதவர் அணிக்குள் வர முடியாது.

அது என் முதல் பிஸ்டல். காற்றில் இயங்குவது, விளையாட்டுக்கானது. நாட்டை விட்டுப் போன ஒரு பர்மியப் பெண்ணிடமிருந்து எனக்கு வந்தது. அதற்கான உதிரிப்பாகங்களை நானும் தம்பி தமிழ்மணியும் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீட்டின் மூன்றாம் மாடிச் சன்னலோரம் உட்கார்ந்து, அவன் போனில் பாங்காக் கடையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். அவன் தாமுவேயில் செல்போன் பழுது பார்ப்பவன். பளபளப்பாக எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்க ஆசைப்படுவான்.

"அக்கா, இந்தச் செவப்பு டிரிகர் பாரு. ஜோரா இருக்கு."

"இருக்கிற டிரிகருக்கு என்ன குறை?"

"செவப்பா இல்ல."

முதல் பிஸ்டல் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. உன் கையைத் தொடுவதை மாற்று, தேய்ந்துபோனதை மாற்று, மற்றதை விட்டுவிடு. ஒரே சமயத்தில் நான்கு பாகங்களை மாற்றினால், பிறகு ஏதாவது தவறும்போது எதனால் தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது. கையைத் தொடுவது கைப்பிடி. பழையது பெரிய கைக்குச் செய்தது. பிடித்தால் என் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். சிறிய அளவில் வால்நட் மரக் கைப்பிடி ஒன்று தேர்ந்தெடுத்தோம். தேய்ந்துபோனது மேகசின்.

மேகசின் என்றதும் சினிமாவில் பிஸ்டலின் அடியிலிருந்து உருவுகிற நீளப்பெட்டி நினைவுக்கு வரலாம். இது அப்படியல்ல. விரல் நீளத்தில் ஒரு பட்டை. அதில் ஐந்து துளைகள். துளைக்கு ஒரு ஈயக்குண்டு. பட்டையைப் பக்கவாட்டில் செருக வேண்டும். ஒருமுறை சுட்டதும் அது ஒரு பல் நகர்ந்து அடுத்த துளையைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். பழைய பட்டை பிளாஸ்டிக். பற்கள் மழுங்கி நான்காவதில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, வேறொரு கம்பெனி செய்த அலுமினியப் பட்டையைத் தமிழ்மணி தேர்ந்தெடுத்தான்.

"இது தேயாதுக்கா. நீ கெழவியானாலும் இது அப்படியே இருக்கும்."

பட்டை வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பிஸ்டல் வீட்டுக்கு வரக் கூடாது என்பது கிளப் சட்டம், மேகசின் வரலாம். அவனுடைய திருப்புளிகளுக்குப் பக்கத்தில் அதையும் சாமி அலமாரியில் வைத்து, சந்தனம் தொட்டு ஒரு பொட்டு வைத்தான். அன்றிலிருந்து சுட்டு முடிந்ததும் பட்டை அங்கேதான் திரும்பும். அதற்கு அடுத்த மாதம் கட்டாய ராணுவச் சேவைக்கு வார்டு ஆபீசில் அவன் பெயர் எடுத்தார்கள். படைக்குப் போனான்.

பயிற்சி முடிந்து ஒருமுறை போன் பேசினான். "உனக்கு என்னடா துப்பாக்கி குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"என்னமோ குடுத்தாங்க. கை அளவெல்லாம் பாக்கலக்கா" என்று சிரித்தான். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். வடக்கே அனுப்புகிறார்கள் என்று அம்மாவிடம்தான் சொன்னான். அதற்குப் பிறகு போன் இல்லை. பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா போய், மழையும் பிடித்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் மூன்றாவது குண்டு தாழ ஆரம்பித்தது.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். காற்று சிலிண்டரில் அழுத்தம் குறைகிறதோ என்று புதிதாக நிரப்பிய சிலிண்டரைப் பொருத்தினேன். குறை அப்படியே இருந்தது. காலைக் குளிர்ச்சியோ என்று சனிக்கிழமை மாலையில் போனேன். அப்போதும் தாழ்ந்தது. என் கையோ என்று சமது பாயைச் சுடச் சொன்னேன். அவருக்கும் மூன்றாவது சட்டத்தில் மோதியது. "பாத்தியா, என் பேரையும் கெடுத்துட்டே" என்றார். கடைசியாகப் பழைய பிளாஸ்டிக் பட்டையைச் செருகினேன். மூன்றாவது வட்டம் சாய்ந்தது. வழக்கம்போல் நான்காவதில் சிக்கியது. ஆகவே குறை பிஸ்டலில் இல்லை, தம்பி தேர்ந்தெடுத்த பட்டையில். அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டையை வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது.

சமது பாய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பிஸ்டலுக்கும் தனாக்கா பூசி விடுறியா?"

தனாக்காதான். இங்கே பெண்கள் எல்லோரும் கன்னத்தில் பூசிக்கொள்கிற அதே மரப்பட்டை விழுது. காய்ந்தால் சுண்ணாம்பு போல் இறுகி, பொடிப்பொடியாக உதிரும். அது பட்டையின் முகப்பில், மூன்றாவது துளையைச் சுற்றி ஒட்டியிருந்தது. நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி சுட்டேன். ஐந்தும் சாய்ந்தன.

எப்படிக் கெடுக்கிறது என்பது புரிந்துவிட்டது. குழலின் பின்முனையில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. சுடும் நேரத்தில் அது பட்டையின் முகப்போடு ஒட்டி நின்றால்தான் காற்று முழுவதும் குண்டைத் தள்ளும். இடையில் காகித கனத்துக்கு எது ஒட்டியிருந்தாலும் காற்று பக்கவாட்டில் கசியும். தள்ளும் விசை குறைந்தால் குண்டு மெதுவாகப் போகும். மெதுவாகப் போகிற குண்டு வட்டத்தை அடைய அதிக நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் அது கீழே விழுந்துகொண்டேயிருக்கும். அதனால்தான் இடமோ வலமோ போகாமல் நேர்கீழே போனது. செவ்வாய்க்கிழமைக்குள் விழுது உதிர்ந்துவிடும், குறையும் போய்விடும்.

எப்படி வருகிறது என்பதுதான் மிச்சம். சனிக்கிழமை காலையில் நான் தனாக்கா பூசிக்கொண்டு கிளம்புவேன். செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து முகம் கழுவிவிட்டு நேரே போவேன். ஆக, என் விரலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வெறும் முகத்தோடு, சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு போனேன்.

மூன்றாவது குண்டு சட்டத்தில் மோதியது.

அடுத்த சனிக்கிழமை தேர்வு.

வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். அம்மா சாமி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பட்டை. மற்றொரு கையின் மோதிர விரல் மஞ்சளாக இருந்தது.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல." விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "அழிஞ்சு அழிஞ்சு போகுதுடி, அவன் வச்ச பொட்டு."

"இது சந்தனம் இல்லியே."

"சந்தனக்கட்டை தேஞ்சுபோச்சு. பசார்ல கேட்டா இல்லேங்கிறான். கல்லுல தனாக்கா அரைச்சது இருந்துச்சு. சாமிக்குத் தெரியாதா எதுக்கு வைக்கிறேன்னு?"

"அவன் ஓரத்துலதான் வச்சான். பல்லு இல்லாத எடமாப் பாத்து."

"ஓரத்துல வச்சா பொட்டா அது? நெத்தியில வைக்கிற மாதிரி நடுவுல இருக்க வேணாம்?"

ஐந்து துளைகளில் நடுவிலுள்ளது மூன்றாவது.

"எப்பலேர்ந்து வைக்கிற?"

"அவன் போன் வராமப்போச்சே, அப்பலேர்ந்து, வெள்ளிக்கு வெள்ளி. வெளக்கு ஏத்தறப்ப எடுத்துப் பாத்தேன். மஞ்சளா துளியூண்டுதான் ஒட்டியிருந்துச்சு. அதுவும் போயிட்டா…"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். காலையில் கிளப்பில் யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொள்ளலாம். தேர்வில் ஜெயிக்கலாம். ஆனால் சனிக்கிழமைதோறும் அம்மாவின் விரல் வைத்ததை நான் ஒளிந்து நின்று அழிக்க வேண்டியிருக்கும். எத்தனை சனிக்கிழமைகளுக்கு என்று தெரியவில்லை. அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். வளையம், முகப்பு, காற்று, கசிவு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையைக் கையில் கொடுத்து, துளை எங்கே நிற்கும், வளையம் எங்கே அழுந்தும் என்று காட்டினேன்.

அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தாள். "குக்கர் வளையத்துல சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டா விசில் வராதே, அதுமாதிரியா?"

"அதேதாம்மா."

"அப்ப நாந்தான் கெடுத்தேனா?"

"நீ கெடுக்கல. வச்ச எடம்தான் தப்பு."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தமிழ்மணி பொட்டு வைத்த ஓரத்தைத் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் அலுமினியம். அவன் வைத்தது எப்போதோ போய்விட்டிருந்தது. இத்தனை வெள்ளிக்கிழமைகளாக அம்மா காப்பாற்றி வந்தது தன்னுடைய பொட்டை. அது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அல்லது முதலிலிருந்தே தெரியுமோ என்னவோ.

"தொடச்சா அவனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

எனக்குத் தெரிந்தது காற்றும் ரப்பரும். அம்மாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலம்மா."

"ஒனக்கும் தெரியாதா?" என்றாள். கோபமாக இல்லை, வெறுமே கேட்டாள். முந்தானையை நாக்கில் தொட்டு ஈரமாக்கினாள். சிறுவயதில் எங்கள் வாய் துடைத்துவிடுவாளே, அதே மாதிரி பட்டையின் முகப்பை அழுத்தித் துடைத்தாள். துளைக்குள் புடவை நுனியை முறுக்கிவிட்டுக்கூடத் துடைத்தாள். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் பட்ட முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன் நின்ற பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அலமாரியில் விளக்கு இன்னும் ஏற்றாமலே இருந்தது. நான் எழுந்து ஏற்றினேன்.

அழுகை அடங்கிய பிறகு, "வெள்ளிக்கிழமைக்கு நான் என்னதான் பண்றது?" என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. இயந்திரத்தில் ஒரு குறையை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். பட்டை பாங்காக்கிலிருந்து வந்தபோது இருந்த தகரப்பெட்டியை அலமாரி அடியிலிருந்து எடுத்தேன். மேல் மூடியில் தமிழ்மணி ஆணியால் என் பெயரைக் கீறியிருந்தான். பெட்டியை அம்மா முன் வைத்து, "இதுக்கு வையி" என்றேன். அவள் எழுத்துகளுக்கு மேலே, நட்டநடுவில், பெரிதாக வைத்தாள்.

சனிக்கிழமை ஐந்தும் சாய்ந்தன. சமது பாய், "சனி எறங்கிருச்சு போ" என்றார். பிஸ்டல் கிளப் அலமாரியில் என் பெயரோடு இருக்கிறது. தம்பியிடமிருந்து போன் வரவில்லை.

வழிமுறை இதுதான். மேகசினின் முகப்பில் எதுவும் பூசுவதில்லை. ஒவ்வொரு முறையும் செருகுவதற்கு முன் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைக்கிறேன். பொட்டு பெட்டியின் மூடியில் மட்டும். அம்மா அதை வெள்ளிதோறும் புதுப்பிக்கிறாள். எவ்வளவு கனமாக வைத்தாலும் குண்டு தாழ்வதில்லை.