பிணைக்கு ஒரு புருஷன்

லாரி புக்கிங் ஆபீஸ் என்று வாசலில் பலகை தொங்கியதே தவிர, அந்த ஆபீஸுக்குச் சொந்தமாக ஒரு சக்கரம்கூடக் கிடையாது. லாரிகள் வாடகைக்கு எடுத்தவை. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இலாகாவுடையவை. அதைப் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்திவந்த இரண்டு பேரும் இலாகாவின் ஆட்கள்தான். போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் அந்தப் பெண்மணி இன்ஸ்பெக்டர். புருஷனாக வந்தவன் அவருக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அறியாதவன் என்பதால் இலாகாவில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். அவரை எல்லாரும் மேடம் என்பார்கள். பஞ்சு தூக்கத்தில் உளறினாலும் மேடம் என்றுதான் உளறுவான்.

அவர்கள் குறிவைத்திருந்தது அதே தெருக்கோடியில் கடை வைத்திருந்த டைல்ஸ்காரரை. அவருடைய வித்தை கேட்பதற்கு எளிமையானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கிருந்து வரும் போதைப்பொருள் இந்தப் பக்கம் விற்றுப் பணமாகிறது. அந்தப் பணத்தைச் சாக்கில் கட்டிப் பாலம் தாண்டினால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே டைல்ஸ்காரர் அக்கரையிலிருந்து உடைசல் டைல்ஸை வரவழைப்பார். பில்லில் அது உயர்ந்த பளிங்கு. போதைப் பணத்தைத் தன் கடையில் விற்ற காசு என்று வங்கியில் போடுவார். பிறகு பளிங்கின் விலையாக அதையே அக்கரைக்கு அனுப்பிவிடுவார். கடை வாசலில் ஒருவன் நின்று டைல்ஸ் வாங்கி யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் வியாபாரம் ஓகோவென்று நடந்தது.

அக்கரையில் பணத்தை வாங்கிக்கொள்பவர் யார் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள முன்பு அனுப்பிய ஆள் குட்டு உடைந்து அடிபட்டு, இன்றைக்கும் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். பஞ்சு அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவன். அதனால், அக்கரை டைல்ஸை ஏற்றிவர லாரி தருவதாக இவர்கள் சொல்லியிருந்ததைக் கேட்டு டைல்ஸ்காரர் வீட்டிலிருந்து, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, அந்தப் பக்கத்து விஷயம் பேசலாம்" என்று அழைப்பு வந்தபோது, அவன் முதலில் விசாரித்தது அந்த வீட்டுக்கு எத்தனை வாசல் என்றுதான்.

டைல்ஸ்காரர் வீடு கிடங்குக்கு மேலே இருந்தது. கீழே ஒரு ஷட்டர், படிக்கட்டில் ஒரு இரும்புக் கதவு, மேலே இன்னொன்று. நடுவில் சுமை இறக்கும் இரண்டு தடியர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ்காரர் சோபாவில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி வாய் ஓயாத, கண்ணும் ஓயாத பெண்பிள்ளை. வந்தவுடனே, "என்னை அக்கான்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மேடம் சமையலறைக்குப் போய் ஒத்தாசை செய்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். பஞ்சு எழுந்து நின்றான். மறுபடி போய்த் தண்ணீர்ச் செம்போடு வந்தார். மறுபடியும் எழுந்தான். கை கழுவிக்கொண்டு வந்தபோதும் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டன. மேலதிகாரி அறைக்குள் நுழைந்தால் எழ வேண்டும் என்று எத்தனையோ வருஷம் பழகிய கால்கள் அவை. பெயரையும் ஊரையும் பிழைப்பையும் மாற்றிக்கொண்டு வந்தவன் கால்களுக்குப் பாடம் சொல்ல மறந்துவிட்டான்.

"இதென்ன தம்பி கூத்து? பொண்டாட்டி வந்தா எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறீங்க! ஸ்கூல்ல டீச்சர் வந்த மாதிரி!" என்று அக்கா சிரித்தார்.

டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா. நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

மேடம் ஈரக் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா வெக்கக்கேடு அக்கா. லாரி, ஆபீஸ், இவர் போட்டிருக்கிற சட்டை எல்லாம் எங்கப்பா காசு. சீட்டாடி ஒரு லாரியவே தொலைச்சாரு மனுஷன். அன்னைக்கு எங்கப்பா சொன்னாரு, என் பொண்ணு வந்தா எந்திரிச்சு நிக்கணும், அப்பத்தான் நீ யார் சோத்தைத் திங்கறேன்னு ஞாபகம் இருக்கும்னு. அதான் நிக்கிறாரு."

பொய் கச்சிதமாக உட்கார்ந்தது. டைல்ஸ்காரர் மறுபடி சாய்ந்துகொண்டார். ஆனால் ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகும் கூரையாகிவிட்டது அது.

"நேரா விஷயத்துக்கு வர்றேன் தங்கச்சி. அக்கரைக்காரர் முகம் பார்க்காம யாருக்கும் லோடு குடுக்க மாட்டாரு. நீ போய்ப் பார்க்கணும். எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. முதல் தடவை போறவங்க, தன் வீட்டு ஆள் ஒருத்தரை இங்க உட்கார வெச்சுட்டுப் போகணும். போனவங்க ஒழுங்கா திரும்பினா இவங்களும் ஒழுங்கா வீட்டுக்குப் போவாங்க." அவர் பஞ்சுவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஆளைப் பிணையா வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீ வராம போனா உனக்குத் தொல்லை விட்டுது. உங்கப்பாவைக் கொண்டாந்து உட்கார வை."

அப்பாவுக்கு எங்கே போவது? இதோடு கதவு சாத்தப்படும் என்று பஞ்சுவுக்குப் புரிந்துபோயிற்று. கதவு சாத்துவதோடு இவர்கள் நிறுத்துவார்களா என்பதும் சந்தேகம்தான். கெடுத்தவன் அவன், அவன்தான் சரிசெய்ய வேண்டும். கண்ணை மூடிக் கிணற்றில் குதிப்பதுபோல வாயைத் திறந்தான்.

"போதும் நிறுத்துடி! எங்க போனாலும் உங்கப்பன் புராணம்தானா?"

மேடத்தை அந்த ஒற்றை எழுத்தில் அழைத்தவர்கள் இலாகாவில் ஒருவரும் இல்லை. அவர் முகம் நிஜமாகவே சிவந்தது.

"யாரைப் பார்த்து 'டி' போட்டுப் பேசறீங்க?"

"உன்னைத்தான்! ஒரு லாரி போச்சுன்னு ஊர் பூராவும் தண்டோரா போட்டாச்சு. காய்ச்சல்ல நீ கிடந்தப்போ கஞ்சி வெச்சுக் குடுத்தது உங்கப்பனா, நானா?"

"கஞ்சியா அது? உப்பு அள்ளிக் கொட்டி வெச்சிருந்தீங்க!"

"குடிச்சேல்ல? ஒரு சொட்டு விடாம குடிச்சியே!"

"வேற யார் இருந்தா குடுக்க? உங்களைத்தானே கட்டிக்கிட்டு அழறேன்!"

வேடிக்கை என்னவென்றால் அந்தக் காய்ச்சலும் கஞ்சியும் உப்பும் உண்மை. போன மழையில் நடந்தது. உப்பு அதிகம் என்பதை மேடம் அன்று சொல்லவில்லை, இப்போதுதான் சொன்னார்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் புருஷனிடம் திரும்பினார். "இவனையே வெச்சுக்கோங்க. இப்படிச் சண்டை போடறவ திரும்பி வந்துடுவா. மீதிச் சண்டை பாக்கி இருக்கே! மரியாதையா பேசிட்டுப் போறவதான் போனா போனதுதான்."

டைல்ஸ்காரர் மனைவி பேச்சைத் தட்டாதவர். காரியம் முடிந்தது.

மறுநாள் இலாகாவில் மேடத்துக்கும் மேலதிகாரியான பெரிய ஐயா திட்டத்தை விளக்கினார். அக்கரைப் போலீஸுக்கும் தகவல் போய்விட்டது. அக்கரைக்காரர் எதிரே வந்து உட்கார்ந்ததும் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். உடனே பிடித்துவிடுவார்கள். "அதே நிமிஷம் நம்ம ஆளுங்க டைல்ஸ்காரர் வீட்டுக்குள்ள போய்ப் பஞ்சுவைக் கொண்டாந்துடுவாங்க. கதவை உடைக்க எவ்வளவு நேரம் ஆயிடும்?"

மூன்று கதவையும் இரண்டு தடியர்களையும் பஞ்சு மனதில் நினைத்துப் பார்த்தான். அவர்கள் படியேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் "சரிங்க ஐயா" என்றான். மேடம் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

போகிற நாள் வந்தது. பஞ்சு கூடத்தில் உட்கார்ந்தான். தடியர்கள் சீட்டை மேலே கொண்டுவந்து வாசற்படியில் ஆடினார்கள். அக்கா அவன் முன்னால் ஒரு முறம் வெங்காயத்தை வைத்து, "சும்மாதானே இருக்கீங்க, உரிங்க" என்றார். டைல்ஸ்காரர் போனை மேசை நடுவில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கரையில ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னு வை தம்பி, எனக்கு உடனே போன் வந்துடும்" என்றார், வானிலை சொல்வதுபோல.

பஞ்சு உரித்தான். கண்ணில் நீர் வழிந்ததற்கு வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேடம் கண்ணாடியைக் கழற்றத்தான் வேண்டும், அதற்காகத்தானே இத்தனை நாள் பாடுபட்டார் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தன் நிஜப் பெண்டாட்டியிடம் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது. டைல்ஸ்காரர் எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். அவனைப் பார்த்தார். தடியர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"உன் பொண்டாட்டி இருக்காளே..." என்று ஆரம்பித்துப் பெருமூச்சு விட்டார். "அங்கயும் வாடகை ரேட்டுக்குச் சண்டை போட்டிருக்கா. அக்கரைக்காரரே அசந்துட்டாராம். கிளம்பிட்டாளாம்."

பஞ்சு அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

பொழுது சாய்வதற்குள் மேடம் வந்து அவனை அழைத்துப்போனார். அக்கரைக்காரர் பெயர், முகம், கம்பெனி, வங்கி எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. அந்த வாரமே டைல்ஸ்காரர் கிடங்கோடு பிடிபட்டார். அக்கரையில் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள், கணக்கை முடக்கினார்கள். ஆனால் அந்த மனிதர் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டார்.

பெரிய ஐயா இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "கைக்கெட்டற தூரத்துல உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை ஏன் கழற்றல?"

"கழற்றியிருந்தா என் வீட்டுக்காரர் உயிரோட வந்திருக்க மாட்டார் சார்."

"யாரு?"

மேடம் ஒரு கணம் விழித்தார். "பஞ்சு, சார்" என்றார்.

பெரிய ஐயா மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "தலைமை அலுவலகத்துல கேப்பாங்க. அங்க போய் இந்த மாதிரி சொல்லிவைக்காதீங்க" என்றார்.

தலைமை அலுவலகத்தில் மேடத்தை விசாரிக்கக் கூப்பிட்ட அன்று, பஞ்சுவுக்கு லாரி ஆபீஸைக் காலி செய்யும் வேலை. தப்பு என்னுடையது என்று எழுதித் தருகிறேன் என்று அவன் முந்தின நாளே கேட்டுப் பார்த்தான். "நீ எழுதினா ரெண்டு பேர் பதவி உயர்வும் போகும். போய் நாற்காலியை எண்ணு" என்று மேடம் விரட்டிவிட்டார்.

அவன் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கையில் வாடகை லாரி டிரைவர் ஒருவர் வந்து நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"என்னண்ணே, கடையக் காலி பண்றீங்க? அண்ணியைக் காணோம்? மறுபடி சண்டையா?"

"இல்லைப்பா" என்றான் பஞ்சு, ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "எனக்காக ஒரு இடத்துல திட்டு வாங்கப் போயிருக்கா. இந்தா, பலகையை அந்தப் பக்கம் பிடி."