இளஞ்சிவப்புப் பட்டி

"உனக்கு அருவருப்பே கிடையாதா பொண்ணே?"

வேலைக்குச் சேர்ந்த அன்று பட்டறை முதலாளி பார்ஜிட்டர் இப்படிக் கேட்டார். சக்கரங்களிலிருந்து உரித்த பெயிண்ட், துரு, கிரீஸ் எல்லாம் கஞ்சியாகத் தேங்கியிருந்த தொட்டியில் ஹெஸ்டர் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது.

இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரில் இருந்த அந்தப் பட்டறையில் பழைய கார்ச் சக்கரங்களை உரித்துத் தேய்த்து வெள்ளி நிறம் அடிப்பார்கள். ஆல்டஸ் என்பவருடைய பச்சைக் கார் வந்தது. உரித்துப் பார்த்தால், முன்சக்கரம் ஒன்றில் போல்ட் துளைகளுக்கு நடுவே விரிசல். ஓடும்போதே பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கி எறியவேண்டிய சக்கரம். பார்ஜிட்டர் அதில் ஓட்டை அடைக்கும் பட்டிப் பசையை வைத்து அழுத்தி, மேலே வெள்ளி நிறம் அடித்து மறைத்தார். பொய்ப்பல் ஈறின் நிறம் அந்தப் பட்டிக்கு. தித்திப்பும் அழுகலுமாக நாறியது. ஹெஸ்டருக்கு அன்றுதான் முதன்முதலாகக் குமட்டியது.

சனிக்கிழமை ஆல்டஸ் இறைச்சி அடைத்த சாசேஜ் ரோலைக் கடித்துக்கொண்டே வந்தார். எண்ணெய் விரல்களை டயரில் துடைத்தார். ஹெஸ்டர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"சார், அந்த முன்சக்கரம்... விரிசல் விட்டிருக்கு."

"தெரியும் கண்ணு. பட்டி வைக்கச் சொன்னதே நான்தான்." மெல்லும் இறைச்சி வாய்க்குள் புரண்டது. "இன்னைக்கு வித்துடப்போறேன். அப்புறம் அது என் சக்கரமா என்ன?"

"நல்லாச் சொன்னீங்க போங்க!" என்று பார்ஜிட்டர் சிரித்தார்.

கார் வாங்க வந்தவள் ப்ரான்வென், வேல்ஸ்காரி. காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவதற்காக ரயிலில் வந்திருந்தாள். ஆல்டஸ் அவளிடம் சாவியையும் வெள்ளைக் கையுறையையும் நீட்டினார்.

"தடவிப் பாரும்மா. பழைய கார் அழகுப் போட்டிக்குப் போனா நடுவருங்க இப்படித்தான் பாப்பாங்க. ஒரு தூசி ஒட்டாது!"

"வீடுவரைக்கும் மலைப்பாதை. தாங்குமா?"

"தாங்குமாவா? உன் பேரன் காலத்துக்கும் ஓடும்!"

ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உள்ளே ஓடினாள். பெயிண்ட் உரிக்கும் பசை டப்பாவோடு திரும்பிவந்து, அந்தச் சக்கரத்தில் தூரிகையால் அப்பினாள்.

"ஏய் ஊமைக் கோட்டான்! கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று பார்ஜிட்டர் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை, சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"புதுப் பொண்ணும்மா, ஏதோ தப்பா..." என்று ஆல்டஸ் இளித்தார்.

"இருங்க. என்னன்னு பாக்குறேன்" என்றாள் ப்ரான்வென்.

வெள்ளி நிறம் தீக்காயத் தோலாகக் கொப்பளித்துச் சுருங்கியது. ஹெஸ்டர் தகட்டால் சுரண்டினாள். அடியிலிருந்து இளஞ்சிவப்புச் சேறு வழிந்தது. அதற்கும் அடியில் விரிசல், விரல் நீளத்துக்கு.

ப்ரான்வென் குனிந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். பிறகு ஆல்டஸை, பார்ஜிட்டரை, பட்டி ஒட்டிய விரல்களோடு நின்ற ஹெஸ்டரை, மூவரையும் ஒரே மாதிரி, மூக்கைச் சுளித்துப் பார்த்தாள். நான் அவர்களோடு சேர்ந்தவள் இல்லை என்று சொல்ல ஹெஸ்டருக்கு நா எழவில்லை.

சாவியை எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த மேஜையில் வைத்துவிட்டு, ப்ரான்வென் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள்.