அதுக்குள்ளேயே அடங்கும்

என் புருஷன் சிவதர்ஷனுக்குச் செங்கலடியில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்க் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோட் இலக்கத்தைப் போடுகிற கொம்பனி. மற்றவர்கள் போட்டதில் பிழை பிடிப்பவர் இவர். ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனால் கல்குடாவில் கடல் குளிக்கப் போனாலும் பேச்செல்லாம் டொக்டர் பேச்சுத்தான்.

இவர் உயிராகப் பிடித்திருக்கிற விதி ஒன்று உண்டு. நோய் இன்னதென்று உறுதியானபின், அந்த நோயோடு வழக்கமாக வருகிற அறிகுறிக்குத் தனிக் கோட் போடக் கூடாது. கந்தோரில் அது சரியாக இருக்கலாம். இவர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் மகள் மிதுசிகாவுக்கு ஓட்டிசமும் கவனக்குறைபாடும் இருக்கிறதென்று டொக்டர்மார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பேச்சு வராது. அன்றிலிருந்து பிள்ளைக்கு வேறொரு நோய் வருத்தமும் வராது என்பது இவருடைய தீர்ப்பு. நித்திரை கொள்ளவில்லையா, அதுக்குள் அடங்கும். கத்துகிறாளா, அதுவும் அதுக்குள் அடங்கும்.

போன கிழமை பிள்ளை சாப்பாட்டை விட்டாள். திரளிமீன் பொரியல் என்றால் சட்டியைக் கட்டிப் பிடிக்கிறவள், பீங்கானைத் தள்ளிவிட்டுக் கையைக் கடித்தாள். பிரிட்ஜ் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்,” என்றேன்.

“ஓட்டிசப் புள்ளயள் சாப்பாட்டில இப்பிடித்தான் அடம் புடிக்கும். குளிர் சாமானில போய் ஒட்டும். தனியாக் காட்டத் தேவல்ல. அதுக்குள்ளயே அடங்கும்.”

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். பிள்ளையைப் பார்க்காமலே பிள்ளைக்கு நோய் சொல்கிற கெட்டிக்காரர்.

நான் பார்த்தேன். எப்போதும் இடது கன்னம்தான்.

“ஓட்டிசத்துக்கு இடது, வலது இருக்கா?” என்று கேட்டேன்.

விதியில் அதற்குப் பதில் இல்லைப் போல. மனிதர் திரும்பவும் போனைத் தடவினார். நானே ஓட்டோ பிடித்துப் பல் டொக்டரிடம் கொண்டுபோனேன். இடது கடைவாய்ப் பல் சொத்தை, பல் முரசெல்லாம் சீழ். இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டொக்டர் ஏசினார். ஏச்சு வாங்கியது நான்தான்.

பல்லைப் பிடுங்கி, வீக்கம் வற்றியபின், நேற்றுப் பின்னேரம் மிதுசிகா திரளியைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவரும் வந்து பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லப்போகிறாராக்கும் என்று நானும் காத்திருந்தேன்.

“ஓம், பல்லெண்டாத் தனிக் கோட் போடலாம்,” என்றார்.

அவருக்கென்று எடுத்து வைத்திருந்த மீனையும் பிள்ளையின் பீங்கானிலேயே வைத்தேன்.