யோவாசின் அத்தை

பைபிளின் ராஜாக்கள் கதையில், அத்தாலியாள் தன் பேரப்பிள்ளைகளையே வெட்டிப்போட்ட இடத்துக்கு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பெண்கள் மட்டும்தான். முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். எங்கள் சபைக்குத் தகரக் கூரை, பக்கத்தில் இரும்பு உருக்குகிற கம்பெனி. ஜன்னல் கம்பியில் கறுப்புத் தூசியைத் துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டோம். பசியும் தூக்கமுமாக வருகிற பெண்களுக்கு வெறும் ஜெபம் போதாது, கொட்டாவி விடுவார்கள். அதனால் வாரத்துக்கு ஒரு ராஜா என்று சவுலிலிருந்து ஆரம்பித்தேன். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. 'எங்கப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன்' என்று சொன்ன ரெகொபெயாமுக்குத் தங்கள் கம்பெனியின் புது மேனேஜர் பேரை வைத்துவிட்டார்கள். டீ நேரத்தைக் குறைத்த புண்ணியவான் அவர்.

"அக்கா, அந்தக் கெய்வி மனுசியாக்கா? பேரப் புள்ளைங்கள கொன்னுட்டு அவளே ராணியா குந்திக்கினாளா?" என்றாள் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் குணசுந்தரி.

"எல்லாரையும் கொன்னுட்டேன்னுதான் நெனச்சா. ஒரு குழந்தை தப்பிச்சுது," என்றேன். தூங்கி வழிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தை யோவாசை அவன் அத்தை யோசேபாள் தூக்கிக்கொண்டு போய் ஆலயத்துக்குள் ஒளித்து வைத்தாள், தாவீதின் வம்சம் அந்த ஒரு பிள்ளையில்தான் மிஞ்சியது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சபை மூப்பர் வெங்கடேசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். பேனர் மேட்டர். பிழை இருந்தா பாத்து சொல்லுங்க, மத்தியானம் பிரிண்டுக்குக் குடுக்கணும்."

போனில் என் தம்பி பீட்டர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குக் கோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. பின்னால் அப்பா, அம்மா. கீழே மூப்பர்களின் சின்னச் சின்னப் படங்கள். மூலையில் ஒரு புறா. 'பாஸ்டர் பீட்டர் யேசுதாஸ் அவர்களின் அபிஷேக ஆராதனை' என்று சிவப்பில் போட்டிருந்தது. என் படம் எங்கேயும் இல்லை. புறாவுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

"எப்போ இது?"

"வர்ற ஞாயித்துக்கெழம சிஸ்டர். திருவள்ளூர்லேர்ந்து நம்ம சபைங்களோட ஐக்கியத் தலைவரே வர்றாரு. அம்மா சொல்லலியா?"

அம்மா சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அப்பாவுக்குப் பெரிய வெள்ளி ஆராதனையில், பிரசங்கத்துக்கு நடுவிலேயே பக்கவாதம் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அதற்கு மூன்றாம் நாள் ஈஸ்டர். சபை நிறைய ஜனம், பேச ஆள் இல்லை. நான் எழுந்து நின்றேன். அன்றிலிருந்து நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன். வாரம் ஆறு நாள் ரப்பர் வாஷர் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துவிட்டு, ஏழாவது நாள் பிரசங்கம். ஆஸ்பத்திரி ஜெபம், துக்க வீடு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் நான். திருவிருந்துக்கு மட்டும் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு பாஸ்டரைக் கூப்பிடுவோம், ஒரு பெண் அப்பம் பிட்டால் சில பேருக்குத் தொண்டையில் இறங்காதாம். அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டால் ஒரு நாள் தானாக நம்மிடம் வரும் என்று நம்பினேன். வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனால் அந்தச் சபை எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும்.

வெங்கடேசன் பலகையில் நான் எழுதியிருந்த பேர்களைப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார். "பாருங்களேன், கர்த்தர் எவ்ளோ பொருத்தமா குடுத்துகிறாரு! நீங்கதான் சிஸ்டர் நம்ம சபைக்கு யோசேபாள். வம்சத்த அழியாம காப்பாத்தி வெச்சீங்க. இப்ப யோவாசு வந்துட்டாரு."

மனுஷர் கிண்டல் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. ராஜாவானபோது யோவாசுக்கு ஏழு வயசு. எங்கள் யோவாசுக்கு முப்பத்தாறு. வேப்பம்பட்டில் பிளாட் வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கும் வருஷப் பிறப்புக்கும் தலையைக் காட்டுகிறவன். யோவாசுக்கு முடிசூட்டி, எண்ணெய் ஊற்றி, ஜனங்கள் கைதட்டி, எக்காளம் ஊதினதெல்லாம் வரிவரியாக எழுதியிருக்கிறது. காவலாளி எங்கே நின்றான் என்பதுகூட இருக்கிறது. யோசேபாள் அன்றைக்கு எங்கே நின்றாள் என்று ஒரு வரி கிடையாது. ராஜாவின் மகள், ராஜாவின் சகோதரி, அடுத்த ராஜாவின் அத்தை. வேலை முடிந்ததும் கதையை விட்டே போய்விட்டாள்.

'ஆராதனை'யில் தப்பான 'ண' விழுந்திருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நறுக்குகிற வேகம் கூடியது.

"சொன்னா நீ குதிப்பன்னுதான் சொல்லல," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "ஊடும் சபையும் ஒரே பட்டா. அப்பா பேர்ல கீது. ஆம்பளப் புள்ள இருக்கசொல்ல பொண்ணு கைக்குப் போச்சுன்னா இன்னா பேசுவாங்க? விசுவாசிங்க பாதிப் பேரு வேற சபைக்குப் பூடுவாங்க."

"ரெண்டரை வருசமா நான் பேசிக்கினு இருக்கேன். ஒருத்தரும் போகலியேம்மா."

"அது அப்பாவுக்கு முடியலன்னு வந்தாங்க. நீ தாங்கிப் புடிச்ச, நான் இல்லன்னு சொல்லல. எண்ணெ ஊத்திக்கறது வேற ஜெனி."

யூதாவின் ராஜாக்கள் கதையில் புது ராஜா ஒருவன் வந்தால் பெரும்பாலும் அவன் தாயின் பேரையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். நல்லவனுக்கும் உண்டு, கெட்டவனுக்கும் உண்டு. பீட்டரின் தாயார் பேர் ஆரோக்கியமேரி என்று எழுதிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு அது போதும்போல. மூத்த மகள் ஒருத்தி இருந்தாள் என்று எழுத எந்த வம்ச வரலாற்றிலும் இடம் விடுவதில்லை.

அப்பா உள்ளறைக் கட்டிலில் இருந்தார். ரோலிங் மில்லில் பழுத்த கம்பியை இடுக்கியால் பிடித்து இழுத்த மனுஷர். அந்த வேலையை விட்டுவிட்டு, இந்தத் தகரக் கொட்டகையைத் தன் கையாலேயே எழுப்பினார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. பீட்டரா, நானா?"

வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு கொஞ்ச நேரம் முயன்றார். "நீ... தான்... நல்லா பேசுற."

"அப்போ சொல்லுங்க. மூப்பரக் கூப்புட்டு வர்றேன். உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. அது போதும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகாப் ராஜாவும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான், கேட்ட திராட்சைத் தோட்டம் கிடைக்காத சலிப்பில். எசேக்கியாவும் சுவரைப் பார்த்துத் திரும்பினான், அழுது ஜெபம் பண்ண. அப்பா எந்தக் கணக்கில் திரும்பினார் என்று எனக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பீட்டரே வந்தான். அவனோடு நன்றாகச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவன் அதற்கும் வழி வைக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஆசையா ஜெனி? அம்மா டெய்லி போன் பண்ணி அழுவுது. சரின்னுட்டேன். நாளைக்குப் பத்து நிமிஷம் பேசணுமாம். சாலொமோனப் பத்திப் பேசுன்றாரு மூப்பர். எழுதிக் குடேன், படிச்சிடறேன்."

"சாலொமோனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"தாவீது புள்ள. கோயில் கட்டினான். அவனுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான்ல? அவன் ஏன் ராஜாவாவல?"

"அண்ணன் அதோனியா அவசரப்பட்டுத் தனக்குத்தானே விருந்து வெச்சுக்கினான். அவனுக்காகத் தாவீதுகிட்ட போய்ப் பேச யாரும் இல்ல."

"பாவம்," என்றான் பீட்டர். நிஜமாகவே சொன்னான். "நான் சும்மா பேருக்குத்தான் ஜெனி. எல்லாம் நீயே பண்ணு. இப்ப பண்ற மாதிரியே பண்ணு. நான் வந்து ஓரமா குந்திக்கறேன்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வேண்டும் என்று பிடுங்குகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். வேண்டாதவன் கையில் கொண்டுபோய்த் திணிக்கிறார்கள், அவனும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்கிறான். நான் எழுதிக் கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்தேன். சபைக்கு முன்னால் அவன் உளறினால் அப்பாவுக்குத்தானே அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எரித்தது. பேனர் கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பீட்டர் நான் எழுதியதைத் தலை நிமிராமல் படித்தான், ஜனம் அல்லேலூயா சொன்னது. குணசுந்தரி மட்டும் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஐக்கியத் தலைவர் எழுந்தார். தகப்பன் கையால் குமாரனுக்கு அபிஷேகம் நடக்கிற பாக்கியம் எல்லாச் சபைக்கும் கிடைக்காது என்றார். பீட்டர் கோட்டோடு முழங்காலில் நின்றான். சக்கர நாற்காலியை அவன் எதிரில் தள்ளி வைத்தார்கள். தலைவர் ஒலிவ எண்ணெய்க் குப்பியைத் திறந்து, அப்பாவின் வலது கையைத் திருப்பி, உள்ளங்கை நிறைய ஊற்றினார். "ஐயா, தம்பி தலை மேல வைங்க," என்றார்.

கை மடியிலேயே கிடந்தது. அப்பாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. தலைவர் தானே அதைத் தூக்கப் பார்த்தார். அது விறைத்துக்கொண்டது. அந்தக் கை பழக்கமில்லாதவர்களுக்கு மடங்காது. தினம் எண்ணெய் தேய்த்து, விரல் விரலாக நீவிப் பழக்குகிறவளுக்கு மட்டும்தான் மடங்கும்.

"சிஸ்டர் ஜெனிபர் எங்க?" என்றார் வெங்கடேசன் மைக்கில். "சிஸ்டர், வாங்க. ஐயா கையப் புடிங்க."

சபையே திரும்பிப் பார்த்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அப்பாவின் மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை ஒரு கையாலும் தாங்கித் தூக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. பீட்டர் கண்ணை மூடித் தலையைக் குனிந்தான். நான் கையைத் தேவைக்கு மேலேயே தூக்கிவிட்டேன் போல. இறக்க வேண்டும், இறக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது, என் கை கேட்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார், ஜனமும் கண்களை மூடி ஆமென், ஆமென் என்றது. அப்பாவின் சாய்ந்த உள்ளங்கையிலிருந்து எண்ணெய் மணிக்கட்டில் இறங்கி, என் விரல்களுக்கு இடையில் புகுந்து, என் முழங்கை வரைக்கும் வெதுவெதுப்பாக வழிந்து, ரவிக்கைக் கையை நனைத்துக்கொண்டிருந்தது. கீழே பீட்டரின் தலைமுடி ஒரு சொட்டுக்கூட விழாமல் காய்ந்து கிடந்தது.