அந்தோனியார் பெட்டி

டமார்!

கோயில் முற்றத்தில் முதல் வேட்டு வெடித்ததும் ராயப்பன் கையிலிருந்த பூக்கூடையைப் போட்டுவிட்டான். பிச்சியும் கேந்தியும் படியெல்லாம் சிதறின.

"என்ன வே, நவநாள் வேட்டுக்கே இப்படித் துள்ளுதீரு?" கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் சிரித்தார். "பதிமூணாந் தேதி சப்பரம் எறங்கையில நூறு வேட்டு இருக்கு. அன்னைக்கு உம்மை எந்த ஆஸ்பத்திரியில போய்த் தேட?"

ராயப்பன் சிரிக்கவில்லை. குனிந்து பூவை அள்ளினான். அள்ளிய பூ விரலிடுக்கில் நழுவி மறுபடியும் விழுந்தது.

வராந்தாவில் நின்ற சலேத் மேரி புருஷனையே பார்த்தாள். பன்னிரண்டு நாளாக இப்படித்தான். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போகிறான். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறான். மகள் கல்யாணக் கவலை என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டாவுக்கு முதல் ஓலை. மூன்று ஞாயிறு கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் நாலாவது வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கறாரான ஆட்கள். பெண் வீட்டைப் பற்றி ஊரில் பாதிப் பேரிடம் விசாரித்த பிறகுதான் சரி என்றார்கள்.

"டீச்சர், மைக்குல வாசிக்கிற டீச்சர் நீங்கதானே?"

சலேத் திரும்பினாள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். நெற்றியில் திருநீறு. கையில் உப்பும் மிளகும் கட்டிய காகிதப் பொட்டலம்.

"எனக்கு ஒரு சீட்டு எழுதித் தாங்க. எழுத்து வராது."

செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தோனியார் கோயிலில் இது வழக்கம்தான். ஊர்ப் பெரிய கோயிலில் சங்கரலிங்கத்தையும் கோமதியம்மனையும் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வருகிறவர்கள் எத்தனையோ பேர். அதிலும் இன்று கொடியேறிய ஏழாம் நாள். பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மரப்பெட்டியில் காலையிலிருந்தே சீட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு விண்ணப்பமாக மைக்கில் வாசிப்பார்கள். பெயர் வாசிப்பதில்லை. ஆனாலும் போட்டவர்களுக்குத் தெரியும். தன் சீட்டை வாசிக்காமல் விட்டால் அந்தோனியார் காதில் விழாது என்பது ஊர் நம்பிக்கை. பதினோரு வருஷமாக வாசிப்பவள் சலேத். ஒரு சீட்டைக்கூட அவள் விட்டதில்லை.

"சொல்லுங்க," என்று பேனாவை எடுத்தாள்.

"என் பேரு கோமதித்தாய். ஊரு பனவடலிசத்திரம். வீட்டுக்காரர் தங்கசாமி, ஆடு மேய்க்கிறவரு. பன்னெண்டு நாளைக்கு முந்தி விடியக்காலம் ஆட்டுக் கிடைக்குப் போகையில ஊருக்குத் திரும்புற ரோட்டு விலக்குல ஏதோ வண்டி இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். ஒரு மணி நேரம் அங்கனயே கெடந்திருக்காரு. இப்ப பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில. வலது காலை எடுத்தாச்சு. சீக்கிரம் கொண்டு வந்திருந்தா காலு தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"யாரு கொண்டு போய்ச் சேர்த்தது?"

"மீன் வண்டி ஓட்டுற பையன், கடையநல்லூரு. பேரு தாஹா. இப்ப அவன்தான் இடிச்சிட்டு நல்லவன் மாதிரி நடிக்கான்னு ஊரே சொல்லுது. புகார் எழுதிக் கொடுங்கன்னு போலீஸ் ஸ்டேஷன்லயும் கேக்காங்க. எனக்கு மனசு ஒப்பல டீச்சர். என் வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வந்ததுல அந்தப் பையன் சட்டையெல்லாம் ரத்தம். இடிச்சவன் தூக்குவானா?"

சலேத்தின் பேனா நின்றது. "நான் என்ன எழுதணும்?"

"இடிச்சவன் யாருன்னு அந்தோனியார் காட்டணும். தொலைஞ்சதை எல்லாம் கண்டுபிடிச்சுக் கொடுக்கிற சாமின்னு சொல்லுதாங்களே, இதையும் கொடுக்கட்டும். அவனை அடிக்கவா போறேன்? ஏன்டா விட்டுட்டுப் போனேன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்." அவள் மூக்கைச் சிந்தினாள். "இன்னைக்குக் காட்டலைன்னா நாளைக்குக் காலையில தாஹா பேருல கைநாட்டு வச்சிருவேன். எத்தனை நாள் ஊர் வாயைத் தாங்குறது?"

சலேத் எழுதி, மடித்துக் கொடுத்தாள். கோமதித்தாய் அதைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டாள். உப்பையும் மிளகையும் அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் தூவிவிட்டு, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஆறரை மணிக்கு ஜெபமாலை முடிந்தது. உபதேசியார் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைப் பித்தளைத் தட்டில் கொட்டி சலேத் முன்னால் வைத்தார். வெளியே கொடிமரத்தில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கியிலும் அவள் குரல் தெரு முனை வரை போனது.

"பரீட்சை எழுதிய தன் மகனுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க ஒரு தாய் வேண்டுகிறார். புனித அந்தோனியாரே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"காணாமல் போன வெள்ளாடு குட்டியோடு திரும்பி வர..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"மாமியார் வாய் அடங்க ஒரு மருமகள்..."

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "எந்த மகராசிடி அது?" என்று ஒரு கிழவி கேட்டது மைக்கிலேயே விழுந்தது. பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து கோமதித்தாயின் சீட்டு. "தன் கணவரை வாகனத்தால் இடித்துவிட்டுச் சென்றவரை அடையாளம் காட்ட வேண்டுமென்று ஒரு மனைவி கண்ணீரோடு வேண்டுகிறார்."

சிரிப்பு அடங்கிவிட்டது. கோமதித்தாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சலேத் தட்டிலிருந்து அடுத்த சீட்டை எடுத்தாள். பூ மண்டியில் தரும் ரசீதுச் சீட்டு. பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது. பிரிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் பம்பாயிலிருந்து வாரம் ஒரு கடிதம் எழுதிய கை அது. வலப்பக்கம் சரிந்து விழும் எழுத்து.

'அந்தோனியாரே, பனவடலிசத்திரம் விலக்குல ஆட்டுக்காரரை இடிச்சது நான்தான். திருநெல்வேலிக்குப் பூ ஏத்திட்டுப் போகையில கண் அசந்துட்டேன். பயத்துல நிப்பாட்டாம போயிட்டேன். இப்ப அந்த மீன்காரப் பையன் மேல பழி விழுது. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல. நீர் சொல்லும்.'

சலேத் அதை இரண்டாவது தடவை வாசித்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன், ராயப்பன் பூ ஏற்றும் குட்டியானை வண்டியின் முன்விளக்கு உடைந்திருந்ததைப் பார்த்து அவள்தான் கேட்டாள். மார்க்கெட் சுவரில் இடித்துவிட்டது என்றான். அன்று மத்தியானமே புது விளக்கு மாட்டினான். அவளும் நம்பினாள்.

ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் புஸ்ஸென்று கேட்டது. ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். உபதேசியார் இருமினார்.

அவள் பார்வை கடைசித் தூணுக்குப் போனது. ராயப்பன் அங்கே நின்றுகொண்டிருந்தான். வெறும் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நேராக அவளைப் பார்த்தான். தலையைக் குனியவில்லை. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் கண்ணை அவன் நேருக்கு நேர் பார்த்தான்.

முதல் வரிசையில் கோமதித்தாய். இரண்டு வரிசை தள்ளி மாப்பிள்ளையின் அத்தை. ஞாயிற்றுக்கிழமை இதே மைக்கில் ஜெனிட்டாவின் பெயர் வாசிக்க வேண்டும். 'இன்னார் மகள்' என்று வாசிப்பார்கள். இன்னார் என்றால் யார்?

"டீச்சர்?" உபதேசியார் மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஒரு குடும்பத்தில்..." சலேத்தின் குரல் பிசிறடித்தது. "ஒரு குடும்பத்தில் சமாதானம் நிலவ வேண்டுமென்று... புனித அந்தோனியாரே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். அடுத்த சீட்டை எடுத்தாள். அதற்கடுத்ததை. வேலை, குழந்தை, மூட்டுவலி. என்ன வாசித்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தட்டு காலியாகும்வரை ராயப்பன் தூணை விட்டு நகரவில்லை. கடைசிச் சீட்டும் முடிந்து அவள் மைக்கை அணைத்தபோது அவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

பாட்டு முடிந்தது. சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தார். ஜனங்கள் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல தொண்டை கம்மிட்டே, மதினி? ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாக்கிருங்க. ஓலை வாசிக்கிற அன்னைக்கு எங்க ஆளுங்க ஒரு வேன்ல வாராங்க."

"சரி மதினி," என்றாள் சலேத். மடித்த சீட்டு உள்ளங்கையில் வேர்வையில் நனைந்து ஒட்டியது. அதைக் கிழித்து எறிந்துவிடலாம் என்று பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தாள்.

படியில் கோமதித்தாய் காத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வாசிச்சீங்க டீச்சர். எனக்கே அழுகை வந்துட்டு." அவள் காலிப் பொட்டலக் காகிதத்தை நீவி நீவி மடித்தாள். "கடைசி வரைக்கும் கண்ணை மூடாம பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு பல்லி கூடச் சத்தம் கொடுக்கல. அவரு ஒண்ணும் காட்டலையே?"

"அது... உடனேயா காட்டுவாரு?" சலேத் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பொறுங்க. இன்னும் ரெண்டு நாள் பொறுங்க."

"எத்தனை நாள் பொறுக்க? ஸ்டேஷன்ல நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க." அவள் பெருமூச்சு விட்டாள். "அந்தோனியாரே வாயைத் திறக்கலைன்னா அப்ப ஊரு சொல்லுறதுதான் நிசம். அந்தப் பையன் சின்னப் பையன் டீச்சர். போன மாசம்தான் அவனுக்குப் பிள்ளை பொறந்திருக்காம். அவன் பொண்டாட்டி பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து என் காலைப் பிடிச்சா. நான் உதறிட்டு வந்துட்டேன். சாமி இப்படி விட்டுட்டாரே, நான் என்ன செய்ய?"

சலேத் வாயைத் திறந்தாள். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்ததாக 'ஏன்' என்று கேட்பாள்.

சீட்டிருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வாரேன் டீச்சர். கடைசி பஸ்ஸு போயிரும்," என்று கோமதித்தாய் இரண்டு படி இறங்கினாள்.

"தாயி, நில்லுங்க."

ராயப்பன் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. கொடிமரத்துப் பக்கம் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க, வேண்டாம்," என்று சலேத் அவன் சட்டையைப் பிடித்தாள். "ஜெனிட்டாவை நினைச்சுப் பாருங்க."

அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். படியிறங்கி கோமதித்தாய்க்கு முன்னால் போய் நின்றான்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"அந்தோனியார் சொல்லத்தான் செஞ்சாரு தாயி, நான் எழுதிப் போட்ட சீட்டை என் பொண்டாட்டிதான் வாசிக்காம கையில வச்சிருக்கா."