பாட்டு கேட்கும் தூரம்

சாலையில் வெள்ளைக் கோடு போடும் வண்டி ஆமை வேகத்தில் போகும். நூறடி தள்ளி அதன் பின்னால் மெத்தை லாரி ஊர்ந்து வரும். எவனாவது கண்மண் தெரியாமல் வந்து மோதினால், வேலையாட்கள் மேல் படாமல் லாரியின் முதுகிலுள்ள பெரிய மெத்தை அடியை வாங்கிக்கொள்ளும். அதை ஓட்டுகிறவருக்கு மெத்தைக்காரர் என்றே பெயராகிவிட்டது.

அன்று மத்தியான வெயிலில் சாலை தண்ணீராய் மினுங்கியது. கோட்டு வண்டிக்குப் பின்னால் கோட்டோரம் நடந்துகொண்டிருந்த அவருடைய மைத்துனன் ஏதோ பாடினான். கேட்கும் மயக்கத்தில் மெத்தைக்காரர் லாரியை நெருக்கிக்கொண்டே போனார்.

"மாமா, பாட்டு கேக்குதா?"

"நல்லாவே கேக்குதுடா" என்றவருக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நன்றாகக் கேட்கக் கூடாதே. லாரியை நிறுத்தி, கோட்டு வண்டியை முன்னே போகவிட்டார். பாட்டு தேய்ந்து தேய்ந்து காற்றோடு கலந்தது. பழைய தூரம் வந்ததும் மெல்ல நகர்ந்தார்.

அப்போதுதான் பின்னால் ஒரு கார் இடித்தது. மெத்தை நசுங்கியது. லாரி வழுக்கிக்கொண்டே போய், மைத்துனனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. கார்க்காரர் நெற்றியைத் தடவியபடி இறங்கினார்.

மைத்துனன் லாரிக் கதவருகே வந்தான். "பாட்டு பிடிக்காம பின்னாடி போயிட்டீங்கன்னு நெனச்சேன் மாமா."

"பிடிச்சுதுடா. அதான் போனேன்."