விசுவாசத்தில் சொன்னது

நெல் அவிந்து முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆவிக் கொப்பறையின் அடியில் உமி திகுதிகுவென்று எரிந்துகொண்டிருக்க, பெண்கள் வெறும் சாக்குகளை விரித்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிந்தவூர் மில்லில் அவர்களுக்கு உட்காரக் கிடைக்கிற நேரம் இது ஒன்றுதான். மூடியைத் திறந்துவிட்டால் சூட்டோடு சூடாக நெல்லைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, சீமெந்துக் களத்தில் கொட்டிப் பரப்பியாக வேண்டும். அன்று அந்தக் கூட்டத்தில் தங்கரத்தினமும் இருந்தாள். அவள் இருக்கவேண்டிய இடம் அதுவல்ல. இதய நோய் வந்த நாளிலிருந்து அவள் அரிசிக் கட்டடத்துக்குள் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து சாக்கு வாய் தைக்கிறவள்.

பக்கத்தில் இருந்த றாபியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தமருதுக்காரி. இருவரும் ஒரே வருடம் மில்லுக்கு வந்தவர்கள்.

"மெய்யாவே சுகமாகிட்டா தங்கம்?"

"ஓம்" என்றாள் தங்கரத்தினம். அதைத் தவிர வேறு எதையும் சொல்ல அவளுக்கு உத்தரவு இல்லை.

"அல்லாஹ்வே. நானும் ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்குத் துஆக் கேட்டதுதான். ஆனா மூச்சு இன்னும் இழுக்கே, புள்ள."

தங்கரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருக்கும்போதே இழுக்கிற மூச்சு, எழுந்து சுமக்கும்போது என்ன செய்யும் என்று நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்ய வேண்டும், திகதி வரும் வரைக்கும் பாரம் தூக்கவே கூடாது என்று கிளினிக் டொக்டர் சொல்லியிருந்தார். திகதி வந்தபாடில்லை. வீட்டில் மகள் கஜனி ஒருத்திதான். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் ஆளில்லை என்பது தங்கரத்தினத்துக்கு நன்றாகவே தெரியும்.

வினை வந்தது ஞாயிற்றுக்கிழமை, பாண்டிருப்பில் அவள் போகிற சபையில். தகரக் கூரை போட்ட சின்னச் சபை. போதகர் கிசோக் வயதில் இளையவர், பழைய மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவர். தங்கரத்தினம் படுத்த படுக்கையாகக் கிடந்த கிழமை முழுவதும் அவளுக்காக உபவாசம் இருந்தவர். வீட்டுக்கு வந்து, தானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, "நீங்க தனிய இல்ல அக்கா" என்று சொல்லிக் கண்கலங்கியவர். அந்த ஒரு சொல்லில்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். சபை முழுவதும் அவளை நோக்கிக் கைகளை நீட்டியது.

"நோய் இருக்கெண்டு வாயால அறிக்கை செய்யப்படாது அக்கா. சுகமாயிட்டன் எண்டு விசுவாசத்தில சொல்லுங்க. சொல் முன்னுக்குப் போகும், சரீரம் பின்னால வரும். மருந்தை விட்டிராதீங்க, அது வேற."

அவள் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "கர்த்தர் என்னைத் தொட்டிட்டார். நான் சுகமாயிட்டன்."

சொன்ன நேரம் அது பொய்யே இல்லை. மூச்சு அடிவயிறு மட்டும் போய் வந்தது. அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு பாயில் நீட்டி நிமிர்ந்து தூங்கினாள். அடுத்த இரவே பழையபடி சுவரில் தலையணையை வைத்து, இருந்தபடி தூங்க வேண்டி வந்தது. அதற்காக அவள் கலங்கவில்லை. சபைக்குள் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சின் முறை தெரியும். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே சுகமாயிட்டன் என்பார்கள், யாரும் அதைப் பொய்யென்று சொல்லமாட்டார்கள். பேஸ்புக்குக்கு அந்த முறை தெரியாது. சபைப் பிள்ளைகள் அவள் சாட்சியை நேரலையாகப் போட்டிருந்தார்கள். கல்முனை முழுக்கச் சுற்றி அது மில் முதலாளி ஜவாத் ஹாஜியாரின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

இன்று காலையில் அவர் அவளை வாசலிலேயே மறித்தார்.

"மாஷா அல்லாஹ் தங்கரத்தினம். வீடியோ பாத்தன். ஒங்கட வாயாலயே சொல்றீங்க. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிப் பழைய வேலையச் செய்யலாந்தானே. றிப்னா மாசமா இரிக்கி, அவள அந்தக் கதிரையில இருத்தியிரிக்கன். தைக்கிற இடம் ஒண்டுதானே இரிக்கி மில்லுக்குள்ள."

"ஹாஜியார், டொக்டர் பாரம் தூக்கப்படாதெண்டு..."

"அது சுகமாகிறத்துக்கு முந்தித்தானே?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் தொல்லை. அவளுக்கு நோய் என்று தெரிந்ததும் கேட்காமலே அந்தக் கதிரையைக் கொடுத்தவர் அவர். கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். சுகமாகவில்லை என்று சொன்னால் சாட்சி பொய்யாகும், சபைக்கு வெட்கம். அதைவிட, அப்படிச் சொன்ன அந்த நிமிடமே வந்துகொண்டிருக்கிற சுகம் திரும்பிப் போய்விடும் என்று அவள் உண்மையாகவே பயந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள்.

இப்போது அவள் எழுந்து கிணற்றடிக்குப் போய்ப் போதகருக்குப் போன் எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சாவிக் கொத்தை எடுக்கிற சத்தம் கேட்டது.

"பாஸ்டர்?"

"தூக்காதீங்க அக்கா. நான் வாறன். நான் வந்து கதைக்கன்."

"சொன்ன சாட்சி பொய்யாப் போயிருமே பாஸ்டர்."

"அத நான் பாத்துக்கிறன். நீங்க ஒண்டையும் தூக்காதீங்க."

அவர் வருவதற்குள் கொப்பறையின் மூடியைத் திறந்துவிட்டார்கள். வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்பிப் பெண்களின் முகங்களை மறைத்தது. அவிந்த நெல் காத்துக்கொண்டிருக்காது, புளித்துப் போகும். றாபியா நெல் அள்ளுகிற சவளை எடுத்துக் கூடைகளை நிரப்ப நின்றாள். தங்கரத்தினத்தின் முறை வந்தபோது அரைக் கூடையோடு நிறுத்தினாள்.

"போ புள்ள, கெதியாப் போ. ஆரும் பாக்கல்ல."

ஈர நெல்லின் சூடு சும்மாட்டையும் தாண்டி மண்டையில் இறங்கியது. முதல் நடையில் களம் வரை போய்க் கொட்டிவிட்டாள். இரண்டாவது நடையில் நெஞ்சுக்குள் படபடவென்று அடித்தது. அடுத்த நடையில் களம் தூரமாகப் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. வழியில் நின்று நின்று போனாள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது அழுகை வந்துவிட்டது.

போதகர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். ஹாஜியார் தன் கந்தோர் அறையிலிருந்து இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க. நான் ஒங்களக் காணோணும் எண்டுதான் இரிந்த."

"ஹாஜியார், நான் வந்தது அந்த அக்காட விசயமா..."

"தெரியும். பாத்த நான், நீங்க கை வெச்சத. எங்கட உம்மா வாதத்தில விழுந்து ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கா. என்னையே ஆரெண்டு மட்டுக்கட்டுறா இல்ல. ஒங்கட பிரார்த்தனையில அவவையும் சேத்துக்குங்க. சுகம் குடுக்கிறவன் ஒருத்தன்தானே." அவருடைய கண்கள் நிரம்பிவிட்டன.

போதகர் திணறினார். "கட்டாயம் ஹாஜியார். ஆனா எங்கட சபையில விசுவாசத்தில சொல்றதெண்டு ஒரு முறை இருக்கு. அதாவது..."

"ஓம், அதத்தான் நாங்க ஈமான் எண்டுற. ஈமான் இருந்தாத்தான் எல்லாம்."

கொப்பறையடியில் உமி தள்ளுகிறவரும் சபைக்காரர்தான். அவர் வேலையை விட்டுவிட்டு, போதகர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார். போதகர் அவரைப் பார்த்தார், ஹாஜியாரின் ஈரக் கண்களைப் பார்த்தார். சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை.

"தங்கரத்தினம், இஞ்ச வாங்க" என்று கூப்பிட்டார் ஹாஜியார்.

கூடை தலையில் இருக்கும்போதுதான் கூப்பிட்டார். அவள் வந்தாள். போதகரின் முகத்தைப் பார்த்ததுமே அவர் இன்னும் சொல்லவில்லை என்று விளங்கிவிட்டது. சாட்சியும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம், கஜனிக்குத் தாய் வேண்டும் என்று நினைத்தாள். நானே சொல்கிறேன், எனக்குச் சுகமில்லை என்று இப்போதே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"பாஸ்டரும் நிக்கிறார். சொல்லுங்க, சுகந்தானே?"

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. மறுபடி இழுத்தாள். இழுத்த மூச்சு தொண்டையோடு நின்றது, அதற்கு மேல் ஒரு சொல்லைக் கொண்டுவர அதில் இடமில்லை. காற்றைப் பிடிக்கப் பிடிக்கத் தாடை மேலே போய்க் கீழே வந்தது, ஆமென்று தலையாட்டுவதுபோலக் கூடையும் அதோடு சேர்ந்து அசைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹாஜியார்.

"அக்கா..." என்று போதகர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

ஹாஜியார் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "வாங்க பாஸ்டர், உள்ளுக்குப் போவம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு உம்மாவப் பாக்கப் போவம்." திரும்பும்போது கூடை பாதியாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "றாபியா, இனி அரைக் கூடை வேணாங்கா. சுகமாகிட்டுதானே புள்ளைக்கு."

போதகர் அவரோடு நடந்தார். களத்தில் கொட்டிவிட்டு வந்து தங்கரத்தினம் கூடையை நீட்டினாள். றாபியா சவளைக் கையில் பிடித்தபடி கந்தோர்ப் பக்கம் பார்த்தாள். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. அவள் நெல்லை அள்ளிப் போட்டாள், பிறகு இன்னொரு சவள், கூடை விளிம்பு மறையும் வரைக்கும்.